சக்கர நாற்காலியில் ஒரு சீமைப் படிப்பு

சீமைக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கு முதல் பாடம் கல்லூரியில் இல்லை. படுக்கை அறையில் இருக்கிறது.

கணித மேதை சீனிவாச ராமானுஜன் 1914ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குப் போனார். கேம்பிரிட்ஜ் நகரத்தில் டிரினிடி கல்லூரியில் சேர்ந்தார். குளிர்காலம் வந்தது. அதே ஊரில் படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் மகாலானோபிஸ் ஒரு நாள் அவருடைய அறைக்குப் போனார். பிற்காலத்தில் புள்ளி விவரக் கலையில் பெரும் பெயர் எடுத்த மகாலானோபிஸ்தான் அவர். இரவில் குளிரை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று ராமானுஜனை விசாரித்தார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் சால்வையையும் சுற்றிக்கொண்டு படுப்பதாக ராமானுஜன் சொன்னார்.

மகாலானோபிஸ் உள்ளே போய்க் கட்டிலைப் பார்த்தார். மேலே ஒரு விரிப்பு. விரிப்புக்கு அடியில் கம்பளிகள், ஒன்றின் மேல் ஒன்றாக! அவற்றின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி வைத்திருந்தார்கள். அந்தக் கம்பளிகளுக்குள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் விரிப்புக்கு மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார்.

எண்களின் ரகசியம் அறிந்தவருக்குக் கம்பளியின் ரகசியம் தெரியவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கும்பகோணத்தில் பாயை உதறி விரித்துப் படுத்தவருக்கு வெள்ளைக்காரன் கட்டிலைப் பற்றி யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

படுப்பது, எழுவது, குளிப்பது, உடுப்பது, உண்பது, தெருவைக் கடப்பது — சொந்த ஊரில் இவற்றை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. அவை தாமாக நடக்கின்றன. அயல்நாட்டில் ஒவ்வொன்றும் ஒரு பாடம். சாமர்த்தியசாலிகள் சில மாதத்தில் கற்றுக்கொண்டு விடுகிறார்கள். பிறகு புத்தகப் படிப்பைப் பார்க்கிறார்கள்.

ஆனால் இந்த அன்றாடக் காரியங்களையே புத்தகப் படிப்பாகப் படிப்பதற்கு வேலூரிலிருந்து ஒரு மாணவி அமெரிக்கா போனார். அவர் சாதாரண மாணவி அல்ல. தேர்ச்சி பெற்ற டாக்டர். கத்தி பிடித்து அறுவைச் சிகிச்சை செய்தவர். ஆனால் அவரால் எழுந்து நிற்க முடியாது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே கிடையாது.

அவர் பெயர் டாக்டர் மேரி வர்கீஸ்.

கொச்சியிலிருந்து வேலூருக்கு

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு கொச்சியில் பிறந்தவர். வசதியான, பெரிய குடும்பம். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது பிள்ளை. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டு, டாக்டர் படிப்புக்காக வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

கொச்சியிலிருந்து வருகிற பெண்ணுக்கு வேலூரும் ஒரு வகையில் அயல்நாடுதான். பாஷை வேறு. சாப்பாடு வேறு. கடலும் காயலும் மழையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, பாலாற்று மணலும் மொட்டை மலைகளும் எப்படித் தோன்றியிருக்கும்! வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலிப் பேச்சு உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்பார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் அந்தக் காலத்தில் மூலவர் இல்லை. 1981இல்தான் மறுபடி பிரதிஷ்டை நடந்தது. ஆகவே கேலியில் ஒன்று குறைந்துவிட்டது. மற்ற இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன.

அந்தக் கல்லூரியே கடல் கடந்து படித்த ஒரு பெண்ணால் உண்டானதுதான். ஐடா ஸ்கடர் அம்மையார் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். தகப்பனார் அமெரிக்க மிஷன் டாக்டர். ஏழெட்டு வயதுக்குள்ளேயே தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்த குழந்தை அவர். பிறகு அமெரிக்காவில் பள்ளிக்கூடம். பெற்றோர் இந்தியாவில், மகள் அங்கே உறவினர் வீட்டிலும் விடுதியிலும். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று 1890இல் வந்தவர், திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவ வேதனையில் மூன்று பெண்கள் இறந்ததைக் கண்டார். மூன்று வீட்டாரும் பெண் டாக்டர் வேண்டுமென்று கேட்டு வந்தவர்கள். ஆண் டாக்டரை உள்ளே விடமாட்டோம் என்றவர்கள். திரும்பப் போய் வைத்தியம் படித்தார். 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1902இல் வேலூரில் ஆஸ்பத்திரி, 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அந்தப் பள்ளிதான் பின்னாளில் கல்லூரி ஆயிற்று. மேரி அங்கே படித்த நாளில், தலை நரைத்த ஐடா அம்மையார் உயிரோடு இருந்தார். 1960இல்தான் அவர் கோடைக்கானலில் காலமானார்.

மேரி படிப்பை முடித்தார். பெண்கள் வைத்தியப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். ஐடா அம்மையார் எந்தக் குறையைத் தீர்க்க வந்தாரோ, அதே பிரசவ வைத்தியம். இனி வாழ்நாள் முழுவதும் அதுதான் என்று நினைத்திருந்தார்.

ஒரு விடுமுறைப் பயணம்

1954ஆம் ஆண்டு ஜனவரி மாதம். இளம் டாக்டர்கள் சிலர் ஒரு மோட்டார் வண்டியில் உல்லாசப் பயணம் கிளம்பினார்கள். மேரியும் போனார். வழியில் வண்டி கவிழ்ந்தது.

மேரிக்கு முகத்தில் பலத்த காயம். அதைவிடப் பெரிய சேதம் முதுகெலும்புக்கு. எலும்புக்குள்ளே ஓடுகிற நரம்புத் தண்டு பழுதாகிவிட்டது. மூளையிலிருந்து காலுக்குச் சேதி போகிற தந்திக் கம்பி அது. அறுந்தால் ஒட்டுவதற்கு அன்றும் வைத்தியம் இல்லை. இன்றும் முழுமையான வைத்தியம் இல்லை.

இப்படிப்பட்டவர்களின் கதி அந்தக் காலத்தில் என்ன தெரியுமா? முதல் உலகப் போரில் முதுகெலும்பு அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள்ளேயே இறந்து போனார்கள். அடிபட்ட காயம் அவர்களைக் கொல்லவில்லை. படுக்கைப் புண் கொன்றது. மூத்திரப் பையில் சேர்ந்த சீழ் கொன்றது. உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் தோல் செத்துவிடும். வலி தெரியாததால் நோயாளிக்கே தெரியாது. நமக்கு உட்கார்ந்த இடம் வலித்தால் புரண்டு உட்காருகிறோம். தூக்கத்தில்கூடத் திரும்பிப் படுக்கிறோம். வலி என்பது எவ்வளவு பெரிய காவல்காரன் என்பது அது போன பிறகுதான் தெரியும்.

டாக்டர் மேரிக்கு இதெல்லாம் தெரியும். நோயாளிகளுக்குத் தெரியாமல் மறைக்கிற விஷயங்களை டாக்டரிடம் மறைக்க முடியுமா? படுக்கையில் கிடந்த மாதங்களில் அவர் அனுபவித்தது இரட்டைத் துன்பம்.

உட்கார்ந்து செய்கிற வேலை

அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். வெள்ளைக்காரர்தான், ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914ஆம் ஆண்டு. மலைச் சிறுவனாகத் திரிந்தவரை ஒன்பதாவது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். காடும் மேடும் ஏறி இறங்கிய பையன் லண்டனில் பூட்ஸ் போட்டு நடக்கப் பழகினான். டாக்டருக்குப் படிப்பதற்கு முன்னால் கட்டட வேலை கற்றான். கொத்து வேலை, தச்சு வேலை இரண்டும் தெரிந்த அந்தக் கை, பிறகு மனிதக் கையைப் பழுது பார்க்கிற கையாயிற்று.

தொழுநோயால் விரல்கள் மடங்கிப் போனவர்களுக்கு, கையின் நல்ல தசைநாணை எடுத்து வேறு இடத்தில் இணைத்து, விரலை நிமிர வைக்கும் அறுவைச் சிகிச்சையை வேலூரில் அவர் ஆரம்பித்து வைத்தார். வட ஆற்காடு ஜில்லாவில் தொழுநோய் அதிகம் இருந்த காலம் அது.

பிராண்ட் ஒன்றைக் கவனித்தார். பிரசவ அறையில் டாக்டர் நிற்கவேண்டும். வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்கும் நிற்கவேண்டும். கையில் செய்யும் ஆபரேஷனுக்கோ எல்லா டாக்டர்களுமே உட்கார்ந்துதான் செய்கிறார்கள்! நோயாளியின் கை மேஜை மேல் இருக்கும். டாக்டர் எதிரே உட்கார்ந்திருப்பார். அப்படியானால் மேரிக்கு என்ன குறை? கால் போய்விட்டது, சரி. கை இருக்கிறது, கண் இருக்கிறது, படித்த படிப்பு இருக்கிறது.

மேரி ஒப்புக்கொண்டார். சக்கர நாற்காலியில் ஆபரேஷன் அறைக்குள் வந்தார். தான் நடக்க முடியாதவர், பிறர் விரலை நிமிர்த்தினார். தொழுநோயாளிகளைத் தொடவே ஊரார் அஞ்சிய நாட்கள் அவை. தங்களைவிடப் பெரிய குறை உள்ள ஒரு டாக்டர் தங்கள் கையைப் பிடித்துப் பார்த்ததை அந்த நோயாளிகள் எப்படி எண்ணியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஆபரேஷன் அறைக்கு வெளியே ஒரு நாளில் இருபது மணி நேரம் இருக்கிறதே! எழுவது, குளிப்பது, உடுப்பது? ஒவ்வொன்றுக்கும் இன்னொருவர் கை வேண்டும். சொந்த உடம்பைத் தானே கையாளப் பழகுவதற்காக அவர் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கென்றே தனிப் பயிற்சி தந்த இடம் அது. அங்கே அவர் நோயாளி. அங்கேதான் அவருக்கு ஓர் எண்ணம் வலுத்தது. இந்தப் பயிற்சி நம் ஊரில் யாருக்குக் கிடைக்கிறது?

கிடைக்கவில்லை. பனை மரத்திலிருந்து விழுந்தவன், கிணறு வெட்டும்போது சரிந்து விழுந்தவன், நெல் மூட்டை முதுகில் விழுந்தவன், லாரியில் அடிபட்டவன் — இவர்கள் ஆஸ்பத்திரியில் சில வாரம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வீட்டில் கயிற்றுக் கட்டில் காத்திருந்தது. பிறகு படுக்கைப் புண்.

நியூயார்க் நகரத்துப் பள்ளி

கற்றுக்கொண்டு வந்து இங்கே கற்பிக்க வேண்டும் என்றால் முறையாகப் படிக்கவேண்டும். அந்தப் படிப்புக்கு அப்போது உலகத்தில் பேர் போன இடம் நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையம். மேரி உதவிச் சம்பளம் பெற்று அங்கே மாணவியாகப் போனார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாடுகள் மாணவர்களை மாற்றிக்கொள்ளும் வழக்கம் பெருகியிருந்தது. அமெரிக்க செனட்டர் ஃபுல்பிரைட் கொண்டுவந்த சட்டம் 1946இல் நிறைவேறியது. அதன்படி இந்தியாவுடன் 1950 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. வேறு பல நிதிகளும் அறநிலையங்களும் உதவிச் சம்பளம் கொடுத்தன. இப்படிப் போன நம்மவர்கள் பெரும்பாலும் எஞ்சினீயரிங், விவசாயம், ரசாயனம் என்று படித்தார்கள். தோல் தொழிலைக் கற்கப் போனவர்களும் உண்டு. நடக்க முடியாத ஒருவர், நடக்க முடியாதவர்களின் வாழ்க்கையைப் படிக்கப் போனது அபூர்வம்.

ரஸ்க் என்பவர் யார்? மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். போர்க் காலத்தில் விமானப் படை ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தார். காயம் ஆறிக்கொண்டிருந்த சிப்பாய்கள் சும்மா கிடந்து உடம்பும் மனமும் கெடுவதைப் பார்த்தார். படுக்கையில் இருக்கும்போதே அவர்களுக்கு உடற்பயிற்சியும் பாடமும் ஆரம்பித்தார். ஆபரேஷனோடு வைத்தியம் முடிந்துவிடாது. அந்த மனிதன் திரும்பத் தன் வாழ்க்கைக்குப் போகும் வரைக்கும் வைத்தியம்தான் என்பது அவர் கொள்கை. போர் முடிந்ததும் நியூயார்க்கில் நிலையம் அமைத்தார். கிழக்கு ஆற்றங்கரைக்குப் பக்கத்தில், முதல் அவென்யூவில் அது இருந்தது. ராய் காம்பனெல்லா என்ற புகழ் பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர் 1958 ஜனவரியில் கார் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவருக்கும் பயிற்சி கொடுத்தது இந்த நிலையம்தான்.

அங்கே என்ன பாடம் நடந்தது என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

கட்டிலில் புரண்டு படுப்பது ஒரு பாடம். எழுந்து உட்காருவது ஒரு பாடம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நாற்காலியிலிருந்து கழிப்பறை இருக்கைக்கு மாறுவது, சட்டை போடுவது, பொத்தான் மாட்டுவது, செருப்பு அணிவது, தலை வாருவது, கரண்டி பிடிப்பது, கதவைத் திறப்பது, காரில் ஏறுவது — எல்லாம் வரிசையாக ஒரு பட்டியலில் இருக்கும். 'அன்றாட வாழ்வுச் செயல்கள்' என்று அதற்குப் பெயர். ஜார்ஜ் டீவர் என்ற டாக்டர் 1940களில் ஆராய்ந்து வகுத்த முறை. எந்தக் காரியத்தை நோயாளி தானாகச் செய்கிறார், எதற்குத் துணை வேண்டும், எது முடியவே இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறிப்பார்கள். முடியாததைச் சிறு சிறு துண்டாக்கிப் பழக்குவார்கள்.

ஓர் உதாரணம் பாருங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது நமக்கு ஒரு விநாடி வேலை. காலில் பலம் இல்லாதவருக்கு எத்தனை படிகள்! நாற்காலியைக் கட்டிலை ஒட்டிச் சரியான கோணத்தில் நிறுத்தவேண்டும். சக்கரத்தைப் பூட்டவேண்டும்; மறந்தால் நாற்காலி நழுவும், ஆள் தரையில். பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றவேண்டும். கால்களைக் கையால் தூக்கி ஒவ்வொன்றாக இறக்கவேண்டும். உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, எம்பி நகர வேண்டும். அதற்குத் தோளிலும் கையிலும் பயில்வானுக்குரிய பலம் வேண்டும். ஆகவே முதலில் மாதக் கணக்கில் தோளுக்குப் பயிற்சி. உட்கார்ந்த பிறகும் வேலை முடியவில்லை. சில நிமிஷங்களுக்கு ஒரு தரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கவேண்டும். அதுதான் படுக்கைப் புண்ணுக்கு வேலி. குளிக்கும்போது வெந்நீரைக் காலில் ஊற்றுமுன் கையில் ஊற்றிப் பார்க்கவேண்டும். இரவில் இரண்டு மணிக்கு ஒரு தரம் திரும்பிப் படுக்கவேண்டும். காலையில் கண்ணாடி பிடித்து முதுகையும் இடுப்பையும் பார்க்கவேண்டும், எங்காவது சிவந்திருக்கிறதா என்று.

சமையலும் பாடத்தில் உண்டு. லில்லியன் கில்பிரெத் என்ற அம்மையார் எஞ்சினீயர். தொழிற்சாலையில் வேலையாட்கள் வீணாக எத்தனை அடி நடக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தவர். பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்றவர்! வீட்டில் அடுப்படியில் எத்தனை அடி வீண் என்று அவருக்குச் சொல்லியா தர வேண்டும்? நடக்க முடியாத குடும்பப் பெண்கள் உட்கார்ந்தபடியே கைக்கு எட்டுகிற தூரத்தில் எல்லாம் இருக்குமாறு சமையலறை அமைக்கும் வேலையில் அவரும் பங்கு கொண்டார்.

டாக்டர் மேரி இவற்றை மாணவியாகப் படித்தார். அவற்றையே தன் உடம்பில் அன்றாடம் செய்தார். மற்ற மாணவர்கள் மாலையில் புத்தகத்தை மூடிவிட்டுப் போகலாம். அவர் மூட முடியாது. காலையில் கண் விழித்ததும் பாடம் ஆரம்பம். நோயாளி தவறு செய்தால் எங்கே தவறு என்று அவருக்கு ஏட்டைப் பார்க்காமலே தெரியும்.

நிலையத்துக்குள் வழுக்கிச் செல்லும் சரிவுப் பாதைகளும் அகன்ற கதவுகளும் இருந்தன. வெளியே வந்தால் நியூயார்க்! அன்றைய நியூயார்க் சக்கர நாற்காலிக்கு ஏற்ற ஊர் அல்ல. நடைபாதைகளின் ஓரம் உயர்ந்து நின்றது. ஒவ்வொரு தெரு முனையும் ஒரு பள்ளம். சுரங்க ரயிலுக்குப் படிக்கட்டு. பஸ்ஸுக்கும் உயரமான படி. பனி பெய்த நாளில் சக்கரம் எப்படி உருளும்? கட்டடங்களை எப்படி அமைத்தால் இவர்கள் உள்ளே வரலாம் என்று அமெரிக்காவில் ஒரு பொது அளவுத் திட்டம் வெளிவந்ததே 1961இல்தான். அதைச் சட்டம் வற்புறுத்த இன்னும் பல ஆண்டுகள் ஆயின. பெரிய சட்டம் 1990இல் வந்தது. பணக்கார நாடு என்றால் எல்லாம் தயாராக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அங்கேயும் வாசற்படி வாசற்படிதான்.

பட்டியலைத் திருத்தவேண்டும்

1963ஆம் ஆண்டு டாக்டர் மேரி வர்கீஸ் வேலூர் மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைவராகப் பொறுப்பேற்றார். நோயாளிகளைத் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கும் வசதியோடு இந்தியாவில் ஏற்பட்ட முதல் துறை அது. ஆரம்பத்தில் இடம் சிறிது. ஆபரேஷன் நோயாளி பத்து நாளில் போய்விடுவார். இவர்கள் மாதக் கணக்கில் இருக்கவேண்டியவர்கள். பெரிய ஆஸ்பத்திரியின் நெரிசலில் அது முடிகிற காரியமா? 1966 நவம்பரில் பாகாயத்தில் தனி நிலையம் திறந்தார்கள். பாகாயம் வேலூருக்குத் தெற்கே, கல்லூரி இருக்கும் பகுதி. மலையடிவாரம், காற்றோட்டம், நாற்காலி ஓட்டிப் பழகச் சமதரை.

ஆனால் நியூயார்க்கில் படித்ததை அப்படியே வேலூரில் இறக்க முடியுமா?

இதுதான் வெளிநாட்டில் படித்துத் திரும்பும் ஒவ்வொருவரும் சந்திக்கிற கேள்வி. அங்கே கட்டிலும் நாற்காலியும் மேஜையும் ஒரே உயரத்தில். எல்லா வாழ்க்கையும் தரைக்கு ஒன்றரை அடி மேலே நடக்கிறது. நம் வாழ்க்கை தரையில். சாப்பிட, சமைக்க, படுக்க, அரிசி புடைக்க, அரைக்க, பேச — எல்லாம் தரை. நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறத் தெரிந்தால் போதாது. பாயிலிருந்து நாற்காலிக்கு எழும்பத் தெரியவேண்டும். அது இரண்டு மடங்கு கஷ்டம். கழிப்பறையோ குந்தி உட்காருவது. பாதி கிராமங்களுக்கு அன்று கழிப்பறையே இல்லை. வீட்டுக்குத் திண்ணை, திண்ணைக்குப் படி, உள்ளே போக வாசற்படி. தெருவில் மணல், மழை பெய்தால் சேறு. சேலையை உட்கார்ந்தபடியே கட்டவேண்டும். முந்தானை சக்கரத்தில் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் பட்டியலில் முந்தானைக்கு எங்கே இடம்?

நாற்காலியே ஒரு பிரச்னை. அமெரிக்காவில் எவரெஸ்ட், ஜென்னிங்ஸ் என்ற இரண்டு எஞ்சினீயர்கள் 1930களில் மடக்கு நாற்காலியைச் செய்தார்கள். எவரெஸ்ட் தாமே நடக்க முடியாதவர். மடக்கிக் காருக்குள் வைக்கலாம். சரி, குடியாத்தம் பக்கத்துக் குடியானவனுக்குக் கார் ஏது? அவனுக்கு வேண்டியது மேடு பள்ளத்தில் உடையாத நாற்காலி. பஞ்சர் ஒட்ட உள்ளூர் சைக்கிள் கடை போதவேண்டும்.

ஒன்று மட்டும் இந்த வட்டாரத்துக்குச் சாதகம். அந்நாளில் காலுக்குத் தாங்கு கொடுக்கும் இரும்புக் கம்பிகளைத் தோல் வார் போட்டுத்தான் கட்டுவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் பதனிடும் ஊர்கள். தோலுக்கும் தோல் வேலை தெரிந்த கைக்கும் இங்கே பஞ்சம் கிடையாது.

மறுவாழ்வு என்பது அத்தனையையும் சேர்த்ததுதான். நோயாளி என்ன தொழில் செய்தான்? மரம் ஏறினவன் இனி ஏற முடியாது. உட்கார்ந்து செய்யும் தொழில் எது? தையல், கடை, கடிகார ரிப்பேர்? மனைவிக்கு என்ன சொல்லித் தரவேண்டும்? கல்யாணம் ஆகாத பெண்ணாக இருந்தால் வீட்டார் அவளை எப்படி நடத்துவார்கள்? இவற்றுக்கெல்லாம் நியூயார்க் புத்தகத்தில் பதில் இல்லை. நோயாளியின் வீட்டு வாசலில்தான் பதில்.

ஆகவே குடும்பத்தார் கூடவே இருந்து கற்றுக்கொள்வது வேலூரில் முக்கியமான காரியமாயிற்று. அமெரிக்காவில் நோயாளியை நிலையத்தில் விட்டுவிட்டு உறவினர்கள் வீட்டுக்குப் போகலாம். இங்கே நோயாளி வந்தால் தாயோ மனைவியோ தம்பியோ கூட வராமல் இருப்பார்களா? துணைக்கு வருகிறவர்களே துணை வைத்தியர் ஆகலாம். நம் கூட்டுக் குடும்பத்தில் ஆயிரம் தொல்லை உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அது வரம்.

முதல் நாள் வரும் நோயாளிகளுக்கு ஒரே நம்பிக்கைதான்: பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டோம், நடக்க வைத்து விடுவார்கள். நடக்க முடியாது என்று சொல்வது எந்த டாக்டருக்கும் கசப்பான கடமை. டாக்டர் மேரி சொன்னால் நோயாளி எப்படிக் கோபித்துக்கொள்வான்? சொல்கிறவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறார். சொல்லிவிட்டு, தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அடுத்த நோயாளியிடம் போகிறார்.

1972ஆம் ஆண்டு இந்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 1986 டிசம்பரில் அவர் காலமானார். விபத்துக்குப் பிறகு முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். சில ஆண்டுகூடத் தாங்காது என்று முன்காலத்து டாக்டர்கள் கைவிட்ட உடம்போடு!

இப்போது வருகிறவர்கள்

இன்றும் வேலூருக்குப் பல நாடுகளிலிருந்து மருத்துவ மாணவர்கள் சில வாரப் பயிற்சிக்காக வருகிறார்கள். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். அவர்களுக்கும் முதல் பாடம் வகுப்பில் இல்லை. வாளித் தண்ணீரில் குவளையால் மொண்டு குளிக்க வேண்டும். சாம்பார் சாதத்தைக் கையால் பிசைந்து, முழங்கைக்கு வழியாமல் சாப்பிட வேண்டும். ஆற்காடு ரோட்டை ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே உயிரோடு கடக்கவேண்டும். ராமானுஜனுக்குக் கம்பளி எப்படியோ, இவர்களுக்கு ஆற்காடு ரோடு அப்படி.

பழைய வட ஆற்காடு ஜில்லா இன்று இல்லை. 2019இல் வேலூர் மாவட்டத்தையும் மூன்றாகப் பிரித்து, ராணிப்பேட்டைக்கும் திருப்பத்தூருக்கும் தனி மாவட்டம் கொடுத்துவிட்டார்கள். ஆம்பூர் திருப்பத்தூரோடு போய்விட்டது. ஆனால் மரத்திலிருந்து விழுந்தவனையும் மோட்டார் சைக்கிளில் அடிபட்டவனையும் ஏற்றிக்கொண்டு வண்டிகள் இன்னும் பாகாயத்துக்குத்தான் வருகின்றன.

அங்கே பயிற்சி பெற்றுப் போனவர்களுக்காக ஆண்டுதோறும் ஒரு மேளா நடக்கிறது. பழைய நோயாளிகள் குடும்பத்தோடு வருகிறார்கள். டாக்டர்கள் பரிசோதனை செய்கிறார்கள். தோலில் புண் உண்டா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, நாற்காலி தேய்ந்திருக்கிறதா என்று ஒவ்வொருவருக்கும் பார்க்கிறார்கள். பிறகு விளையாட்டு, பாட்டு, பேச்சு. பல ஆண்டுகளுக்கு முன் அடிபட்டவர், போன மாதம் அடிபட்டு இன்னும் கட்டிலை விட்டு இறங்காத பையனின் பக்கத்தில் நாற்காலியை நிறுத்திச் சக்கரத்தைப் பூட்டுகிறார்.